ஜரிகையைப் போல ஒரு சக்கரம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் காஞ்சிபுரத்துத் தெருக்களில் நடந்தால், நிற்கிற வண்டியெல்லாம் மாலையும் பொட்டுமாக இருக்கும். என் காரும் அப்படித்தான் நின்றது. பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, அலாய் வீலின் ஐந்து கைகளிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தோம். மூன்று நாள் கழித்து ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் போனது, மஞ்சள் போகவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டதும் அந்த இடம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

பதறிப்போய் ஒரு வாட்டர் வாஷ் கடையில் வண்டியை விட்டேன். அங்கிருந்த பையன் வாளியில் இருந்த எதிலோ பிரஷ்ஷை முக்கித் தேய்த்தான். நுரை பொங்கியது, நெடி மூக்கைத் துளைத்தது, வீல் பளிச்சென்று ஆனது. மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு வீலின் விளிம்பில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள் கிளம்பின.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆயுசு முழுக்கப் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன் தம்பி, ஜரிகையைப் போய் புளி போட்டுத் தேய்ச்ச மாதிரி பண்ணி வெச்சிருக்காங்களே!”

இதைவிடச் சரியாக எந்த உலோகவியல் புத்தகமும் சொல்லியிருக்க முடியாது.

குத்துவிளக்கு உள்ளும் புறமும் பித்தளை. புளி போட்டுத் தேய்த்தால் மேலே ஒரு படலம் கரைந்து போகும், அடியில் இருப்பதும் பித்தளைதான். ஜரிகை அப்படியில்லை. பட்டு நூலைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்கப் பூச்சு. மொத்த எடையில் தங்கம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. ஆனாலும் புடவையின் பொலிவு அந்த மெல்லிய பூச்சில்தான் இருக்கிறது. அலாய் வீலும் இதே சாதி. உள்ளே அலுமினியக் கலவை, அதன்மேல் பெயின்ட், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பிசின் படலம். அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான். நாம் கழுவுவதும் தேய்ப்பதும் அலுமினியத்தை அல்ல, இந்தப் படலத்தைத்தான்.

அலுமினியம் நமக்குப் புதிய உலோகமும் அல்ல. சென்னை கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அதிலிருந்து 1900-ல் சென்னையில் ஒரு கம்பெனியே உருவானது. அந்தப் பாத்திரங்கள் அடுப்படிக்கு வந்த பிறகு வீட்டுப் பெண்கள் தாங்களாகவே ஒரு விதியைக் கண்டுகொண்டார்கள்: அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைத்து விட்டுவைக்கக் கூடாது. காரணம் எளிமையானது. காற்று பட்டதும் அலுமினியம் தன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. அமில-கார அளவான பிஹெச் 4 முதல் 8.5 வரை இருக்கும்போது அந்தப் போர்வை நிலைக்கும். அதற்குக் கீழே போனாலும் கரையும், மேலே போனாலும் கரையும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கிறது, சலவை சோடா கரைசல் 11-ஐ ஒட்டி. கழிப்பறை ஆசிட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கிளியர் கோட் முழுசாக இருக்கும்வரை இவை எதுவும் உலோகத்தைத் தொடாது. அதனால் கறையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எதைப் போட்டால் போகும் என்பதல்ல. கறை படலத்துக்கு மேலே இருக்கிறதா, படலத்துக்குள் இறங்கிவிட்டதா, அடியில் போய்விட்டதா என்பதுதான்.

என் மஞ்சள் கறை மேலாகப் பிசினில் ஊறியது. மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் பிசினிலும் ஒட்டிக்கொள்ளும், காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்கு நான் பதறியிருக்க வேண்டாம். குர்குமினுக்கு எமன் சூரிய வெளிச்சம். நாலு நாள் வெயிலில் நிறுத்தியிருந்தால் தானாக வெளிறியிருக்கும்.

கழுவிய பிறகு வட்டவட்டமாக நிற்கும் வெள்ளைத் திட்டுகள் உப்புத் தண்ணீரின் வேலை. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். போர் தண்ணீர் பல இடங்களில் இந்தக் கணக்குக்கு அடங்காது. வீல் சூடாக இருக்கும்போது அதை ஊற்றினால் நீர் ஆவியாகி, ஹீட்டர் சுருளில் படிகிற அதே சுண்ணாம்பு வீலிலும் படியும். சம அளவு தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்து ஓரிரு நிமிடம் ஒற்றி, உடனே நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். கிளியர் கோட் பெயர்ந்த இடத்தில் அதையும் செய்யக் கூடாது.

பிரேக் தூள்தான் உண்மையான தொல்லை. காரின் முன் வீலையும் பின் வீலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்வீல் கறுத்திருக்கும், பின்வீல் ஓரளவு வெளுப்பாக இருக்கும். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பங்கு வேலை முன் சக்கரத்துக்கு. போதாததற்குச் சின்னக் கார்களில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். அதன் தூள் டிரம்முக்குள்ளேயே அடங்கிவிடும். முன்னால் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் பேடும் உரசி, சூடான இரும்புத் துகள்கள் வீலின்மேல் தெறிக்கின்றன. அவை பிசினில் குத்தி நிற்கின்றன, பிறகு ஈரத்தில் துருப்பிடித்து, விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கின்றன. ஷாம்புக்கு இது அசையாது. பிரஷ் போட்டால் துகளோடு படலமும் சேர்ந்து கிழியும்.

இதற்கென்று இரும்பு நீக்கி என்ற திரவம் கார் சாமான் கடைகளில் கிடைக்கிறது. அதில் இருப்பது தயோகிளைகோலேட், பியூட்டி பார்லரில் தலைமுடியைச் சுருட்டப் பயன்படும் அதே குடும்பம். அழுகிய முட்டை வாடை அதனால்தான். தெளித்த ஒரு நிமிடத்தில் வெள்ளை வீலின்மேல் ஊதா நிறம் புள்ளிபுள்ளியாகக் கசிந்து, கோடாகி வழியும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் இரும்புத் துகள் பிடிபட்டுக் கரைகிற இடம். அமிலம் இல்லாமலே துருவைக் கரைக்கிற இந்த வேதியியலை முதல்முறை கண்ணால் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிழலில், வீல் ஆறிய பிறகு, காய விடாமல் செய்ய வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

இனி அந்தப் புழுத்தடம். கல் தெறித்தோ நடைபாதை விளிம்பில் உரசியோ கிளியர் கோட்டில் ஒரு கீறல் விழுகிறது. அதில் உப்பும் ஈரமும் நுழைகின்றன. என் வண்டி அடிக்கடி மாமல்லபுரம் போய்வருவது, கடற்காற்றின் உப்புக்குப் பஞ்சமில்லை. வாட்டர் வாஷ் கடை வாளியில் இருந்தது ஆசிட்டாகத்தான் இருக்க வேண்டும், அதன் குளோரைடும் சேர்ந்துகொண்டது. தடத்தின் தலைப்பகுதியில் ஆக்சிஜன் குறைந்து, அமிலத்தன்மை கூடி, அலுமினியம் கரைகிறது. வால்பகுதியில் அது வெள்ளை ஹைட்ராக்சைடாக உறைகிறது. தலை முன்னே போகப் போக வால் நீள்கிறது. எல்லாம் படலத்துக்கு அடியில் நடப்பதால் மேலே எதைத் தேய்த்தும் பயனில்லை. முகப்பைக் கடைசல் பிடித்து வெள்ளியாக மின்னவிடும் வீல்களில் இது சீக்கிரம் வரும். அங்கே அடியில் பெயின்டின் காவல் கிடையாது, உலோகத்தின்மேல் நேரடியாகக் கிளியர் கோட்தான்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: பழைய பூச்சை உரித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அதற்கு முன், வீலில் கிளியர் கோட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலீஷ் தொட்டு, கண்ணில் படாத மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அங்கே வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் படலம் இருக்கிறது. உரித்த பிறகு வெள்ளைத் துருவை ஒட்டுமொத்தமாக எடுத்து, வாட்டர் பேப்பரால் இழைத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பிரைமர், பெயின்ட், கிளியர் கோட் என்று வரிசையாக ஏற்ற வேண்டும். ஒரு மூலையில் துரு மிச்சம் இருந்தாலும் புழு மறுபடி கிளம்பும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து கார்களும், ஒரகடத்தில் 2013-லிருந்து புல்லட்டுகளும் உருவாகும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அலாய் வீலை அழகு என்று மட்டும் நினைப்பது தவறு. ஏழு சதவீத அளவுக்குச் சிலிக்கானும் துளி மெக்னீசியமும் கலந்து வார்த்து, ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, தண்ணீரில் குளிர்வித்து, மிதமான சூட்டில் பதப்படுத்தி அதற்குப் பலம் ஏற்றுகிறார்கள். பெயின்ட் காய வைக்கிறேன் என்று சூட்டைக் கூட்டிவிட்டால் அந்தப் பலம் போய்விடும். விரிசல் கண்ட வீலை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது.

என் மூன்று வீல்கள் பிழைத்தன. நான்காவதை உரித்துப் பூசக் கொடுத்தேன்.

எனக்கு மனசில் நிற்பது அந்த வாட்டர் வாஷ் கடைப் பையன். கையுறை கிடையாது, காலில் செருப்பும் கிடையாது. வீல் கழுவும் ஆசிட்டுகளில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்புகளோ இருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாமல்கூட இருக்கலாம். உள்ளே இறங்கி ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உயிரையே எடுக்கவும் கூடும். நம் வீல் பளபளக்க ஒரு பிள்ளையின் கை வேக வேண்டியதில்லை. அடுத்த முறை வண்டியை விடும்போது வாளியில் என்ன ஊற்றியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால், “ஷாம்பு மட்டும் போதும் தம்பி, ஆசிட் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது ரிம்மை விட்டுவிட்டு டயரில் வையுங்கள்.