கருவின் இதயமும் மதுவும்

தாய் அருந்தும் மது, நச்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடைகிறது. இதனால் விளையும் பிறவிக் குறைகளை 1968-இல் பிரான்சிலும் 1973-இல் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் விவரித்தனர். அக்குழந்தைகளுள் சிலருக்கு இதயக் குறைகளும் இருந்தன. ஆயினும் ஊட்டக்குறைவு, புகைப்பழக்கம் ஆகியவற்றினின்று மதுவின் விளைவைப் பிரித்தறிவது மனிதரிடம் எளிதன்று. எனவே விலங்கு ஆய்வுகள் இன்றியமையாதனவாயின.

சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 19 நாட்களாகும். அதன் இரண்டாம் வாரத்தின் தொடக்கத்தில் மிகுதியாக மது செலுத்தப்பட்டபோது, சில குட்டிகளின் இதயக் கீழறைகளுக்கிடையே துளை காணப்பட்டது. கோழிக் கருவில் தாயின் உணவோ உடல்நிலையோ குறுக்கிடுவதில்லை. அங்கும் மது இதய வளர்ச்சியைப் பாதித்தது. நரம்பு முகட்டிலிருந்து இதயத்திற்கு இடம்பெயர்ந்து, பெருங்குழாய்களைப் பிரிக்கும் சுவரை அமைக்கும் உயிரணுக்கள் மதுவால் அழிவது இதற்கு ஒரு காரணமாகும்.

ஆய்வுகளில் தரப்படும் அளவு பெரும்பாலும் மிக அதிகம். மதுவுக்கு ஆட்பட்ட கரு ஒவ்வொன்றும் குறையுறுவதுமில்லை. எனினும் ஒன்று தெளிவு: அளவைப் போன்றே காலமும் முக்கியமானது. மனிதக் கருவின் இதயம் 22-ஆம் நாளையொட்டித் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது தான் கருவுற்றிருப்பதைப் பெண் அறியாமலும் இருக்கலாம்.

ஆகவே, கருவுற்றபின் கூறும் அறிவுரை காலங்கடந்ததாகிவிடலாம். தீங்கற்றது என உறுதிசெய்யப்பட்ட அளவு எதுவும் இல்லாததால், கருவுற விரும்பும் காலத்திலேயே மதுவை முற்றிலும் தவிர்க்குமாறு சுகாதாரப் பணியாளர்கள் எடுத்துரைப்பது அவசியமாகும்.