ரத்த வாந்தி... கழுத்து வழியே கல்லீரலுக்கு ஒரு மாற்றுப் பாதை!

விடியற்காலை மூன்று மணி. மணலியில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து அலறல். "ஓடி வாம்மா... உங்க அண்ணன் ரத்தமா எடுக்குறாரு!"

சொந்த அண்ணன் இல்லை. ஆனால் இருபது வருடப் பழக்கம். மணலியிலிருந்து ஹார்பருக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். பாத்ரூம் முழுக்க ரத்தம். இரண்டு நாளாகவே மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. "சூடு, அல்சரா இருக்கும்" என்று ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

108-ல் ஏற்றி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எண்டோஸ்கோப்பி செய்த பிறகுதான் உண்மை தெரிந்தது. கசிந்தது உணவுக்குழாயில். ஆனால், மூல காரணம் கல்லீரல்!

கேட் மூடினால் என்ன ஆகும்?

இரைப்பை, குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து வரும் ரத்தம் 'போர்ட்டல்' சிரை என்ற பெரிய ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலுக்குக் கிடைக்கும் ரத்தத்தில் முக்கால் பங்கு இந்த வழியில்தான் வருகிறது. குடி, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், சர்க்கரை நோயோடு கைகோக்கும் கொழுப்புக் கல்லீரல்... எதனாலோ கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால், ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் பின்னால் தேங்கும். இதைத்தான் 'போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்' என்கிறார்கள். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பி.பி-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டாக்டர் படம் வரைந்து காட்டியபோது அண்ணனே சொன்னார்: "ஜீரோ கேட்டை மூடினா எங்க வண்டியெல்லாம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வரைக்கும் நிக்கும் சார். அவசரக்காரன் சந்துக்குள்ள வுட்டுருவான்."

அதேதான்! தேங்கிய ரத்தம் உணவுக்குழாய், இரைப்பைச் சுவர்களில் இருக்கும் சின்னச் சின்ன சிரைகளுக்குள் புகுந்துவிடுகிறது. சந்து தாங்குமா? அவை புடைத்து, ஒருநாள் வெடிக்கின்றன. போர்ட்டல் சிரைக்கும் கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைக்கும் இடையே அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ-க்குள் இருக்கும். 12-ஐத் தொட்டுவிட்டால் வெடிக்கும் அபாயம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் ரப்பர் வளையம்

ரத்த வாந்தி எடுத்தவர்கள் எல்லோருக்கும் உடனே மாற்றுப் பாதை தேவையில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் ஊசி, ஆன்டிபயாடிக், பிறகு 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி வழியாகப் புடைத்த சிரைகளுக்கு ரப்பர் வளையம் போடுவது. பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே ரத்தம் நின்றுவிடும்.

அண்ணனுக்கும் நின்றது. ஐந்தாவது நாள் மறுபடி கொட்டியது. அப்போதுதான் 'டிப்ஸ்' என்ற வார்த்தையை முதன்முதலாகக் கேட்டோம்.

கழுத்தில் ஒரு சின்னத் துளை

வயிற்றைக் கிழிக்க வேண்டாம். கழுத்தின் வலப்பக்க சிரையில் ஊசி போட்டு, மெல்லிய குழாயை இதயத்தின் வலது மேலறை வழியாகக் கீழே இறக்கி, கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைக்குள் கொண்டுபோகிறார்கள். எக்ஸ்ரே திரையையும் அல்ட்ராசவுண்ட் படத்தையும் பார்த்தபடியே, அங்கிருந்து கல்லீரலின் சதைக்குள் ஊசியைச் செலுத்தி போர்ட்டல் சிரையைத் தொடுகிறார்கள். இருப்பதிலேயே கஷ்டமான கட்டம் இதுதான். பிறகு அந்தப் பாதையை பலூனால் விரித்து, 8 முதல் 10 மி.மீ விட்டமுள்ள உறை போட்ட ஸ்டென்ட்டைப் பொருத்துகிறார்கள். தேங்கிய ரத்தம் நேராக இதயத்துக்கு ஓடிவிடும். இதைச் செய்பவர் 'இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்'.

1969-ல் ஜோசப் ரோஷ் என்ற மருத்துவர் விலங்குகளில் இந்த வழியைச் செய்துகாட்டினார். 1982-ல் கனடாவின் டொரொன்டோவில் மனிதர்களுக்கு பலூனால் விரித்துப் பார்த்தார்கள். பாதை மறுபடி மூடிக்கொண்டது. 1988-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் உலோக ஸ்டென்ட் வைத்த பிறகுதான் பாதை நிலைத்தது. நம் வேலூர் சி.எம்.சி-யில், கல்லீரல் சிரைகளே அடைத்துக்கொள்ளும் 'பட்-கியாரி' நோயாளிகளுக்கும் இந்த முறையில் சிகிச்சை தருகிறார்கள்.

ரத்தக் கசிவோடு வருபவர்களில் நிலைமை மோசமான சிலருக்கு, இரண்டாவது கசிவுக்காகக் காத்திருக்காமல் 72 மணி நேரத்துக்குள்ளேயே டிப்ஸ் செய்வது உயிரைக் காக்கிறது என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். மருந்துக்கு அடங்காமல் வயிற்றில் திரும்பத் திரும்ப நீர் கோக்கிறவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

"அப்போ குணமாயிடுமா?"

கையெழுத்துப் போடும் முன் அண்ணி கேட்ட கேள்வி இது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "அழுத்தம் குறையும். கல்லீரல் குணமாகாது."

அதோடு ஒரு விலையும் உண்டு. கல்லீரல் என்பது கஸ்டம்ஸ் செக்கிங் மாதிரி. மாற்றுப் பாதையில் போகும் ரத்தம் சோதனை இல்லாமலே உள்ளே போகிறது. குடலில் உருவாகும் அமோனியா போன்ற நச்சுகள் மூளையை எட்டும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குழப்பம், கை நடுக்கம், பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பது போன்ற தொல்லைகள் வரலாம். பெரும்பாலும் லாக்டுலோஸ் சிரப், மாத்திரைகளால் சமாளிக்கலாம். இதயச் செயலிழப்பு, கட்டுப்படாத தொற்று, மிக அதிக மஞ்சள் காமாலை இருப்பவர்களுக்குப் பொதுவாக டிப்ஸ் செய்வதில்லை. சிலருக்குக் கல்லீரல் மாற்று சிகிச்சைவரை உயிரைப் பிடித்துவைக்கும் பாலம் இது. அந்த மாற்று சிகிச்சை, நம் வடசென்னைக்காரர்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே நடக்கிறது.

"குடிச்சா இந்தக் குழாயும் காப்பாத்தாது" என்றார் டாக்டர். அண்ணி கையெழுத்துப் போட்டார்.

குடும்பத்தினர் கவனத்துக்கு...

* ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் - இரண்டுமே அவசரம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

* கல்லீரல் சுருக்கம் என்று தெரிந்தவர்கள், ரத்தம் வரும் முன்பே 'எனக்கு எண்டோஸ்கோப்பி தேவையா?' என்று கேளுங்கள். புடைத்த சிரைகளை முன்கூட்டியே மாத்திரையாலோ வளையத்தாலோ கட்டுப்படுத்தலாம்.

* வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

* டிப்ஸ் செய்தவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தூக்கம் தலைகீழாக மாறினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கல் கூடவே கூடாது.

* ஸ்டென்ட் திறந்திருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன் மூலம் அவ்வப்போது பார்க்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதென்று தவறவிடாதீர்கள்.

* செலவு பற்றி, மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் முதலிலேயே விசாரியுங்கள்.

அண்ணன் இப்போது டிரெய்லர் ஓட்டுவதில்லை. யார்டில் டோக்கன் போடும் வேலை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி சிரப்பை நீட்டிவிட்டு, "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்கிறார். அவர் சரியாகச் சொன்னால்தான் அண்ணிக்குத் தூக்கம் வரும்.