இசைவு முனையும் இசைவுப் பிட்டும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் முன்னாளில் லயத்து வீடுகளுக்கு விளக்கொளி தந்தது தோட்டத்து மின்பொறியே. இரவில் பொறிக்கொட்டகையின் முதன்மை விசையை அணைத்துவிட்டால், வீட்டு விசை போட்டபடியே இருப்பினும் விளக்கு எரியாது. விசை போட்டிருப்பது வேறு, விளக்கு எரிவது வேறு என்பதை லயத்துக் குழந்தையும் அறியும். கைப்பேசியினுள் இருக்கும் மின்னழுத்தச் சீராக்கியின் நிலையும் இதுவே. அதனை ஆளும் இயக்கி மென்பொருளுக்கோ இதனைக் கற்பித்தல் வேண்டும்.

மின்கலத்தின் மாறிவரும் அழுத்தத்தை 1.8 வோல்ட், 3.3 வோல்ட் என ஒரு நிலையில் நிறுத்துவது சீராக்கி. மின்னாற்றலை ஆளும் சில்லுகளை ஆக்கும் ஆன்செமி நிறுவனம், 1999இல் மோட்டோரோலாவினின்றும் பிரிந்தது. அதற்குச் சிரம்பானில் ஆலை உண்டு.

சீராக்கிகள் பலவற்றுக்கு இரு விசைகள் உள. ஒன்று, சில்லின் புறத்தே நீட்டிய கம்பிமுனை. மற்றது, சில்லின் உள்ளே மென்பொருள் எழுதும் ஒரு பிட். முனையை 'ஏவல் முனை' என்பாரும் உளர். அது பொருந்தாது. அம்முனை ஏவுவதன்று, இசைவு தருவதே. 'இசைவு முனை' என்பதே தகும். சில சில்லுகளில் இரண்டும் இசைந்தால்தான் மின்சாரம் வரும். சிலவற்றில் ஒன்றே போதும். ஆக்கியோர் ஏட்டைப் பாராது இயக்கி எழுதலாகாது. பிட்டை மட்டும் படித்து 'இயங்குகிறது' என்று இயக்கி அறிவித்துவிட்டால், மின்சாரமே பெறாத கேமராவில் பழுது தேடிப் பொறியாளர் அலைவர்.

லினக்சில் சீராக்கிகளுக்கென்று பொதுச் சட்டகம் 2008இல், 2.6.27 பதிப்பில் சேர்ந்தது. முனையை அதனிடம் ஒப்படைத்தால், அது முனையை மட்டுமே ஏற்றி இறக்கும், பிட்டைத் தொடாது. இரண்டும் தேவைப்படும் சில்லாயின், தொடக்கத்திலேயே பிட்டை இட்டுவைப்பது இயக்கியின் கடன். பலரும் இடறுவது இங்கேதான்.

ஒரே முனையில் பல சீராக்கிகள் இணைந்திருப்பின் எண்ணிக்கை வேண்டும். முதலில் கேட்பவருக்காக முனை ஏறும். கடைசியில் விடுபவருக்குப் பின்னரே இறங்கும். எண்ணிக்கை இல்லையேல், ஒரு கருவி 'போதும்' என்றவுடன், எழுதிக்கொண்டிருக்கும் நினைவட்டைக்கும் மின்சாரம் அற்றுப்போம், எழுதியது பாழாம்.

கணினி எழுந்த பின்னர், எவரும் கேளாத சீராக்கிகளை லினக்சு பொதுவாக அணைத்துவிடும். என்றும் எரியவேண்டியதை வன்பொருள் விவரக் கோப்பில் முன்கூட்டியே குறித்தல் வேண்டும். முனையின் திசையையும் அங்கேயே குறிப்பர். தாழ்ந்தால் இயங்கும் முனைகளும் உள.