உங்களுக்குத் தெரியுமா? எலி, தெள்ளுப்பூச்சி, பிளேக்

பிளேக் என்பது அடிப்படையில் நம் நோயே அல்ல. எலி, அணில், மர்மோட் போன்ற கொறிக்கும் பிராணிகளின் நோய். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும், அதன் ரோமத்தில் இருந்த தெள்ளுப்பூச்சி வேறு சூடான உடம்பைத் தேடிக் கிளம்புகிறது. வழியில் நாம் அகப்படுகிறோம், அவ்வளவுதான்.

*

அந்தத் தெள்ளுப்பூச்சியின் பாடு நம்மைவிட மோசம். உள்ளே போன கிருமிகள் பெருகி அதன் உணவுப் பாதையை அடைத்துக்கொள்ளும். எவ்வளவு ரத்தம் உறிஞ்சினாலும் வயிற்றுக்குள் இறங்காது. பசி தாங்காமல் மறுபடி மறுபடி கடிக்கும். குடித்த ரத்தம் எதிர்க்களித்து, கிருமியோடு சேர்ந்து கடிவாய்க்குள் போய்விடும். கடைசியில் பூச்சி பட்டினியால் சாகும்.

*

நோய்க்கு மூன்று வடிவங்கள். தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ வலியோடு நெறி கட்டுவது முதல் வகை. வைத்தியம் பார்க்காவிட்டால் 100க்கு 30 முதல் 60 பேர் வரை இறப்பார்கள். கிருமி ரத்தத்தில் பரவுவது இரண்டாவது. நுரையீரலைப் பிடிப்பது மூன்றாவது. இது வந்துவிட்டால் எலியும் வேண்டாம், தெள்ளும் வேண்டாம். இருமல் துளியே போதும். சிகிச்சை இல்லையென்றால் தப்புவது அபூர்வம். உடனே ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும். பழங்கதை என்று நினைக்க வேண்டாம்: 2017-ல் மடகாஸ்கரில் 2,400க்கும் மேற்பட்டோருக்கு பிளேக் கண்டதாகப் பதிவானது, பெரும்பாலும் இந்த மூன்றாம் வகை.

*

ஐரோப்பா முழுக்க பிளேக் பரவிக்கொண்டிருந்த 1348-ல், பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரில் போப்பின் வைத்தியராக இருந்தவர் கி டி ஷோலியாக். காய்ச்சலும் ரத்தம் துப்புவதுமாக வந்தால் மூன்று நாளில் சாவு; நெறி கட்டினால் ஐந்து நாள் என்று பிரித்து எழுதியிருக்கிறார். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் இரண்டு வகையையும் கண்ணால் பார்த்தே கண்டுகொண்டவர். அவரையும் நோய் பிடித்தது, பிழைத்துக்கொண்டார். ஊரை விட்டு ஓடாமல் இருந்ததற்குக் காரணம் கெட்ட பெயர் வருமே என்ற பயம்தான் என்றும் ஒளிக்காமல் எழுதினார். இதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

போப் ஆறாம் கிளெமென்ட்டை இரண்டு பெரிய நெருப்புகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். கெட்ட காற்றைச் சுத்தம் செய்யவாம். காற்று சுத்தமானதோ இல்லையோ, அந்த அனலுக்குப் பக்கத்தில் எந்த எலி வந்திருக்கும்? போப் பிளேக்குக்குத் தப்பி 1352 வரை இருந்தார்.

*

அதே 1348-ல் பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்களிடம் பிரெஞ்சு அரசர் காரணம் கேட்டார். வந்த பதில்: 1345-ல் கும்ப ராசியில் சனி, குரு, செவ்வாய் மூன்றும் கூடியதால் காற்று கெட்டுவிட்டது! கிரகத்தின் மேல் பழி போடுவது நமக்கு மட்டுமே உரிய பழக்கம் இல்லை.

*

கிரகத்தின் மேல் பழி போட்டதில் யாரும் சாகவில்லை. கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று யூதர்கள் மேல் போட்ட பழி அப்படியல்ல. ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1349 பிப்ரவரி 14 அன்று நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அன்றைக்கு அந்த ஊருக்குள் பிளேக் இன்னும் வந்திருக்கவே இல்லை. யூதர்களும் அதே நோயில்தானே சாகிறார்கள் என்று போப் முந்தின வருடமே அறிக்கை விட்டிருந்தார். கேட்பாரில்லை.

*

கூலி பற்றி ஒரு செய்தி. பிளேக்கில் ஏராளமானோர் இறந்து, வேலைக்கு ஆள் கிடைக்காமல் கூலி ஏறியதால், பிளேக்குக்கு முந்தைய கூலிதான் தர வேண்டும், வாங்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 1349-ல் ஆணையும் 1351-ல் சட்டமும் போட்டார்கள்.

*

நோய்த் தடுப்பில் முந்திக்கொண்டது டுப்ராவ்னிக் துறைமுகம். அன்றைய பெயர் ரகுசா. நோயுள்ள இடங்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் ஊருக்குள் வரலாம் என்று 1377-ல் விதித்தது. பிறகு மற்ற துறைமுகங்களில் அது 40 நாள் ஆனது. வெனிஸ் 1423-ல் ஒரு தீவையே பிளேக் மருத்துவமனையாக்கியது.

*

சினிமாவில் கழுகு மூக்கு முகமூடியோடு வரும் பிளேக் டாக்டர் இடைக்காலத்தவர் அல்ல. அந்த உடுப்பு 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

*

கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் கண்டுபிடித்தவர் அலெக்சாந்தர் யெர்சின். அது எப்படித் தாவுகிறது என்பதை 1898-ல் கராச்சியில் போல்-லூயி சிமோன் கண்டார். நோயுற்ற எலி ஒரு ஜாடியில். நல்ல எலி அதே ஜாடிக்குள் தனிக் கூண்டில். ஒன்றையொன்று தொடவே முடியாது, தெள்ளுப்பூச்சி மட்டும் கம்பி இடுக்கில் தாவலாம். நல்ல எலியும் பிளேக்கில் செத்தது. சக ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் இதை நம்பவில்லை.