கார்புரேட்டர் குற்றவாளியா?

பழைய கார் ஒன்று காலையில் புறப்பட மறுத்தால், பலரும் முதலில் பழி சுமத்துவது கார்புரேட்டரின் மீதுதான். உடனே அதனைக் கழற்றுகின்றனர், பிரித்துக் கழுவுகின்றனர், மீண்டும் பூட்டுகின்றனர். கார் அப்போதும் புறப்படுவதில்லை. குறை பேட்டரியிலோ தீப்பொறியிலோ இருந்திருக்கும். மாற்று உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத வண்டிகளுக்கு இந்த அவசரமே பெருங்கேடாக முடிகிறது.

அத்தகைய வண்டிகளுள் ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு காரை, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்து விற்றது. தொடக்கத்தில் அதன் எஞ்சின் 948 கன சென்டிமீட்டர் அளவுடையது. பின்னாளில் வந்த நான்கு கதவு ஹெரால்டு, இங்கிலாந்துக்காரர்களே காணாத வடிவம். அது இந்தியாவில் மட்டுமே உருவானது. இந்தக் காருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மூடி மட்டுமன்றி, முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று கற்பதற்கு இதனைவிட வசதியான கார் அரிது.

குகட்பள்ளிச் சாலையில் நாம் இன்று காணும் புதிய கார்களில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை அளந்து தெளிக்கும் பணியை அவற்றில் ஒரு சிறு கணினி செய்கிறது. ஹெரால்டு, அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய பழைய கார்களில் அந்தப் பணியைக் காற்றின் ஓட்டமே செய்தது.

அது எவ்வாறு? நம் குடியிருப்பின் மாடித் தொட்டியை எண்ணிப் பாருங்கள். நீர் நிறைந்ததும் மிதவை எழுந்து குழாயின் வாயை அடைக்கும். கார்புரேட்டரினுள்ளும் அதுபோன்ற சிறு தொட்டியும் மிதவையும் உள்ளன. அங்கே நீருக்கு மாறாகப் பெட்ரோல். அருகில் நடுவே குறுகிய காற்றுக் குழல் ஒன்று இருக்கும். எஞ்சின் உறிஞ்சும் காற்று குறுகிய இடத்தில் விரைந்து செல்லும். விரைந்து செல்லும் காற்றின் அழுத்தம் குறையும். அதனால், தொட்டியிலுள்ள பெட்ரோல் ஜெட் என்னும் நுண்துளை வழியே மேலேறிக் காற்றில் கலக்கும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சற்றேறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் நன்கு ஆவியாகாது. ஆகவே சோக்கை இழுத்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறோம்.

இனிச் சோதனைக்கு வருவோம். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறதா என்பதே முதல் வினா. மெல்ல முனகிச் சுற்றினாலோ, சுற்றும்போது முகப்பு விளக்கு மிகவும் மங்கினாலோ, பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். இணைப்பின் மீது படிந்த வெண்ணிற உப்பு ஒன்றே வண்டியை நிறுத்திவிடப் போதுமானது.

செல்ஃப் நன்கு சுற்றியும் எஞ்சின் உயிர் பெறவில்லையெனில், அடுத்து நோக்க வேண்டியது தீப்பொறி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட் என்னும் இரு முனைகள் கரிந்து போயிருக்கலாம். அவற்றின் இடைவெளி மாறியிருக்கலாம். அந்த இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்தான். கழற்றிய ஸ்பார்க் பிளக்கும் பல செய்திகளைச் சொல்லும். அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வந்து சேர்ந்தும் எரியவில்லை என்று பொருள். நனைந்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஜெட்டில் அடைப்பைத் தேடுவது வீண் உழைப்பு.

தீப்பொறி சரியாக இருப்பது உறுதியான பின்னரே பெட்ரோலின் பாதையைத் தொடர வேண்டும். தொட்டியில் பெட்ரோல் உண்டா? பழைய கார்களின் அளவுகாட்டியை நம்புவதற்கில்லை. பம்ப் அதனை மேலே அனுப்புகிறதா? கார்புரேட்டரின் வெளியே பெட்ரோல் வழிந்தால், மிதவையோ அதனோடு இயங்கும் ஊசி அடைப்போ பழுதாகியிருக்கும். எஞ்சினை எழுப்புவதற்காகக் கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. எஞ்சின் பின்னோக்கி வெடித்தால் தீ முகத்தில் பாயும். இதனை எவரும் செய்யலாகாது. பெட்ரோல் தொடர்பான எந்தச் சோதனையையும் தேர்ந்த மெக்கானிக் செய்ய, நீங்கள் விலகி நின்று காண்பதே முறை.

எஞ்சின் புறப்பட்டு, வேகம் கூட்டும்போது திணறுகிறது என்று கொள்வோம். சோக்கைச் சிறிது இழுத்தால் திணறல் குறைகிறதா? குறைந்தால், பெட்ரோல் போதாமையே காரணம். ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். அல்லது கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கட் வழியே வேண்டாத காற்று புகலாம். கருவி எதுவுமின்றிச் செய்யத்தக்க இச்சோதனை, கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டியதாகும்.

ஜெட்டில் சேரும் அழுக்கை ஐதராபாத் மெக்கானிக்குகள் 'கச்சரா' என்பர். அதனை நீக்கக் கம்பியைச் செருகுவதுதான் பெரும்பிழை. சோலெக்ஸ் ஜெட்டில் 110 என்று பொறித்திருந்தால், அதன் துளை 1.10 மில்லிமீட்டர். கம்பி உராய்ந்து அது 1.15 ஆகிவிட்டால், துளையின் பரப்பு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடிவிடும். பிறகு அந்தக் கார் என்றும் கரும்புகை கக்கும். காற்றழுத்தத்தால் ஊதி எடுப்பதே நல்லது.

குகட்பள்ளியின் கோடைக்கென்றே ஒரு கோளாறு உண்டு. மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். நெரிசலில் ஊர்ந்த காரை நிறுத்திச் சிறிது நேரத்தில் மீண்டும் கிளப்ப முயன்றால், அது கிளம்பாது. எஞ்சினின் சூட்டால் பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பால் ஆவியைத் தள்ள இயலாது. பம்பின் மீது ஈரத்துணியைச் சுற்றிக் கால்மணி நேரம் காத்திருந்தால் கார் புறப்படும். பழுதே இல்லாத கார்புரேட்டரைச் சாலையோரத்தில் பிரித்தவர்கள் எத்தனையோ பேர்!

அண்மைக்காலத்தில் புதிய கவலை ஒன்றும் சேர்ந்துள்ளது. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து பரவியுள்ளது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டுகள் அளந்து தரும் பெட்ரோல் காற்றுக்குப் போதாமற்போகும். கணினி உள்ள கார் இதனை உணர்ந்து சரிசெய்துகொள்ளும். ஹெரால்டால் அது இயலாது. மேலும், எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களை ஊதிப் பிளக்கச் செய்யும். ஆகவே இன்று பழைய காரை வைத்திருப்போர் முதலில் மாற்ற வேண்டியது, விலை குறைந்த அந்த ரப்பர்க் குழாயையே. விரலால் அழுத்தும்போது அது பிசுபிசுத்தாலோ வெடிப்புத் தெரிந்தாலோ, அன்று அந்தக் காரை எடுக்கலாகாது.