கணவாய்க்கு இந்தப் பக்கத்துப் பறவை

"குற்றாலத்துக்கு மேலே இருக்கும் காடும் கொடைக்கானல் காடும் ஒரே மலைத்தொடர்தானே, அங்குள்ள பறவைகள் இங்கும் இருக்குமா?" என்று தென்காசி வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். எந்த உயிர் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என்று ஆராயும் உயிர்ப்புவியியல் அறிஞர்களின் கேள்வியும் இதுதான். அதற்கு விடை தேட நம் செங்கோட்டைக் கணவாயைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

பாலக்காட்டுக் கணவாய் 30 கி.மீ.க்கு மேல் அகலம். செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே மலை தாழ்கிற இந்தக் கணவாயோ, குறுகலான இடத்தில் ஏழெட்டு கி.மீ.தான். சாரல் காற்று தாராளமாக நுழைந்துவரும் இந்த வழியை ஒரு சின்னஞ்சிறு பறவை தாண்டவில்லை.

அதன் பெயர் அசம்பு ஷோலாகிளி. கருநீல உடல், வெள்ளை வயிறு, கைக்குள் அடங்கும் உருவம். மலையுச்சிச் சோலைகளின் குளிர்ந்த நிழலில், தரையை ஒட்டியே இரை தேடும். வெயில் காயும் தாழ்நிலம் அதற்குக் கடல் மாதிரி. பறவை ஆய்வாளர் வி.வி. ராபினும் அவருடைய குழுவினரும் மலை மலையாக ஏறி, மெல்லிய வலை கட்டி, சிக்கிய பறவையை அளந்து, துளி ரத்தம் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டார்கள். மரபணுவை ஒப்பிட்டபோது பாலக்காட்டிலும் செங்கோட்டையிலும் வம்சம் பிரிந்திருப்பது தெரிந்தது. அந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அதுவரை கொடைக்கானல் இருக்கும் பழனி மலை, ஆனைமலைப் பறவையோடு சேர்த்தே எண்ணப்பட்ட தென்பக்கத்துப் பறவைக்கு 2017-இல்தான் தனி இனமாகப் பெயர் சூட்டினார்கள்.

கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் குடியேறிய என் பெரியப்பா வீட்டில், பேரப்பிள்ளைகள் பேசும் தமிழே இரண்டு தலைமுறையில் வேறாகிவிட்டது. லட்சக்கணக்கான ஆண்டுகள் கலப்பே இல்லாமல் பிரிந்து கிடந்தால் ஓர் உயிர் எவ்வளவு மாறும்!

ஆக, வாசகருக்கு என் பதில்: மலைத்தொடர் ஒன்றுதான், உயிர்கள் ஒன்றல்ல. இங்கே இத்தனை ஹெக்டேர் காட்டை எடுத்துக்கொண்டு வேறு மாவட்டத்தில் மரம் நட்டுத் தருகிறோம் என்று கணக்குச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். தென்பக்கச் சோலைகள் அழிந்தால் அசம்பு ஷோலாகிளிக்குப் போக்கிடம் கிடையாது. பழனியிலிருந்து பிடித்து வந்து விட்டாலும் அது வேறு பறவை. சீசனுக்கு அருவியில் குளிக்க வருகிறவர்கள் வரட்டும், மகிழட்டும். அந்த அருவிக்கு நீர் தரும் மலையில், உலகில் வேறெங்குமில்லாத உயிர்கள் வாழ்கின்றன என்பதை முதலில் தென்காசிப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது சொல்லிக்கொடுப்போம். தெரியாத ஒன்றுக்காக யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள்.