முன்கண்ணாடி இல்லாத போகஸ் லைட்

மார்கழி, தை வந்தால் தஞ்சை வட்டாரத்தில் கோயில் திருவிழா, நாடகம், பள்ளி ஆண்டு விழா என்று ஊருக்கு ஊர் மேடைதான். வாடகைக்கு வரும் போகஸ் லைட்டில் மெட்டல் ஹாலைடு விளக்கும் இருக்கலாம். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்குமுன் அதன் முன்கண்ணாடியைப் பாருங்கள்.

2018 செப்டம்பரில் திருநெல்வேலி மாவட்டம் ஏர்வாடியில் பள்ளி நிகழ்ச்சிக்குப் போன மாணவர்களும் பெற்றோரும் சுமார் நூறு பேர் கண் பாதிப்போடு சிகிச்சைக்குப் போனார்கள். அதிக சக்தி கொண்ட விளக்குகளே காரணம் என்று அப்போது செய்தி வந்தது.

மெட்டல் ஹாலைடு விளக்கின் நடுவில் சிறு குவார்ட்ஸ் குழாய் உண்டு. அதற்குள் பாதரசமும் உலோக உப்புகளும் ஆவியாகி ஒளிர்கின்றன. கூடவே புற ஊதாக் கதிரும் பிறக்கிறது. சாதாரண குவார்ட்ஸ் அதை மறிக்காது. வெளிக் கண்ணாடிதான் மறிக்கும். கையடக்க விளக்குகள் சிலவற்றில் பல்புக்குத் தனி வெளிக்கூடு கிடையாது, பெட்டியின் முன்கண்ணாடி ஒன்றே காவல். அது உடைந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். வெளிச்சத்தை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சம்பா வயலை ஒட்டிய மேடையில் பச்சைத் தத்துப்பூச்சி மொய்த்துக் கண்ணாடியில் கருகி ஒட்டிக்கொள்ளும். துடைக்க அலுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் போச்சு. சூடேறிய கண்ணாடியில் மழைத் துளி பட்டாலும் விரிசல் விடலாம்.

புற ஊதாக் கதிர் கண்ணில் பட்டாலும் வலி உடனே தெரியாது. வீடு திரும்பித் தூங்கும் பிள்ளை நடுராத்திரியில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் கதறும். வெல்டிங் பார்த்த கண்ணுக்கு வருவதும் இதே பாதிப்புதான். கசக்காதீர்கள். தாய்ப்பால் விடாதீர்கள். மரக்கச்செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றினால் கருவிழி கெடலாம். மூடிய கண்மேல் குளிர்ந்த ஈரத்துணி வைத்து, அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் போங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் குணமாகும்.

விளக்கு வாடகையும் ஒரு சேவைதான். சேவைக் குறைபாட்டுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வாடகை ரசீது, மருத்துவச் சீட்டு, அன்றைய விளக்கின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

விழாக் குழுவினரே, முன்பணம் கொடுக்கும்போதே லைட்காரரிடம் சொல்லிவிடுங்கள்: கண்ணாடி இல்லாத விளக்கு நம் மேடையில் ஏறக்கூடாது.